அண்ணனிடம் மிஞ்சிய மலாய்

அண்ணனுக்குத் தமிழ் போனது மலாயாவில் பெருவெள்ளம் வந்ததற்கு முந்தைய வருடம்.

அவர் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டினார். புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு ஈப்போ ரயிலடிக்குப் போவார். திரும்பும்போது அரிசியும் கருவாடும் வரும். அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறியபோது நான் கைக்குழந்தை, அண்ணன் மாடு மேய்க்கிற வயது. அப்பா காய்ச்சலில் போன பிறகு என்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர் அண்ணன்தான். அதனால் அதே தோட்டத்தின் ஆபீசில் நான் கணக்கெழுதும் கிராணி ஆனேன். அவர் வண்டியிலேயே இருந்தார். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. வழியில் இருந்த கம்பங்களில், அதாவது மலாய்க் கிராமங்களில் எல்லாம் அவருக்குச் சிநேகிதர்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நிறுத்தினால் பேச்சு முடிந்து கிளம்ப வெகுநேரம் ஆகும். மலாயில் அவர் சொல்லும் வேடிக்கைக் கதைகளுக்கு அந்த ஊர்க் கிழவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

முப்பது வயதுக்கு மேல் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்து அண்ணியைக் கூட்டிவந்தார். அண்ணி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. குனோங் ராபாட் மலையடியில் பாதை வளையும் இடத்தில், மழையில் வண்டி சரிந்து அண்ணன் கல்லில் போய் விழுந்தார். இடது பக்க மண்டை உள்வாங்கிவிட்டது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் பல நாள் கண் திறக்காமல் கிடந்தார். திறந்தபோது அண்ணி பக்கத்தில் குனிந்து, "என்னைத் தெரியுதா?" என்று கேட்டார். அண்ணன் அண்ணியின் வாயையே பார்த்தார். பிறகு, "ஆயர்" என்றார். மலாயில் தண்ணீர். நான் எடுத்துக் கொடுத்தேன். அரைமயக்கத்தில் ஏதோ வருகிறது, சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம்.

சரியாகவில்லை. அந்த வார்டைப் பார்த்த வெள்ளைக்கார டாக்டர் ஜெர்மன் சண்டையில் வேலை செய்தவர். மண்டையில் குண்டு பட்டுப் பேச்சிழந்த சிப்பாய்களை அங்கே நிறையப் பார்த்தவராம். அண்ணனைப் பற்றிக் கேள்விப்பட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

முதலில் தமிழில். "அண்ணே, கையைத் தூக்குங்க" என்றேன். கை அசையவில்லை. "ஆங்காட் தாங்கான்" என்று மலாயில் சொன்னதும் கை உடனே எழுந்தது. டாக்டர் ஒரு சீப்பைக் காட்டினார். தமிழில் கேட்டால் அண்ணனின் முகம் சுருங்கியது. மலாயில் கேட்டால் "சீசிர்" என்று பதில் வந்தது. சாவி, கரண்டி, விளக்கு, எல்லாம் அப்படியே. அண்ணி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவருக்குப் பேச்சு போகவில்லை. தாய்மொழி மட்டும் போயிருக்கிறது" என்றார் டாக்டர். முதலில் கற்றதுதான் கடைசிவரை நிற்கும் என்று அவர் படித்திருந்தாராம். அண்ணன் அதற்கு நேர்மாறாக இருந்தார்.

டாக்டருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. அண்ணன் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டார். அது தமிழ்தானே என்று டாக்டர் கேட்டார். தமிழ்தான், ஆனால் மலாய்க்காரர்களும் தமிழ்ப் பையன்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றேன். "இவர் எந்தத் தம்பியைச் சொல்கிறார்?" என்றார். அண்ணனைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் இதையெல்லாம் சீமைக்கு எழுதப்போவதாகச் சொன்னார். "எழுதினால் யாராவது மருந்து சொல்வார்களா?" என்று கேட்டேன். "எழுதுவது தெரிந்துகொள்வதற்கு. மருந்து என்று ஒன்றும் இல்லை" என்றார். நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர்.

வெளியே வந்ததும் அண்ணி கேட்டார். "அந்தத் தொர என்ன தம்பி சொல்றாரு?"

"அண்ணனுக்குத் தமிழ் மறந்துபோச்சாம், அண்ணி."

"மறந்துட்டு வர்றதுக்கு அது என்ன, குடையா?"

தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குக் கூட்டிவந்தோம். அதன்பிறகு புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நான் நின்றேன். ஆபீசில் இருக்கும்போதே ஆள் வரும், "அண்ணன் என்னமோ கேக்குறாராம், அக்கா கூப்பிடுறாங்க" என்று. போய்க் கேட்டுச் சொல்லிவிட்டு வருவேன். ஒரு சாயங்காலம் அண்ணன், அண்ணியைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "மூலையில படுக்க வேணாமாம். பக்கத்துல வந்து படுக்கச் சொல்றாரு" என்றேன்.

அண்ணி உள்ளே போய்விட்டார். மறுநாள் என்னிடம், "இதையெல்லாம் உங்க வாயால கேக்க முடியாது, தம்பி. நானே படிச்சுக்கிறேன்" என்றார்.

பலகாரம் விற்க லயத்துக்கு வரும் ஒரு மலாய்க்காரியைப் பிடித்துக்கொண்டார். சோற்றைக் காட்டுவார், அவள் "நாசி" என்பாள். மீனைக் காட்டுவார், "ஈக்கான்" என்பாள். அடுப்படியில் நின்று அதையே முணுமுணுப்பார். மழைக்காலம் முடிவதற்குள் அண்ணன் கேட்பதற்கு அவரே பதில் சொன்னார். தப்பும் தவறுமாகத்தான். அண்ணன் ஒரு தடவை அந்த உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு வலிப்பு வர ஆரம்பித்தது. வண்டியும் இல்லை, ரப்பர்க்காட்டு வேலையும் இல்லை. வேலை செய்யாத ஆளை லயத்தில் வைத்திருக்க முடியாது என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். பெரிய கங்காணி வந்து, "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடலாம்லா, அங்க பைத்தியக்கார ஆஸ்பத்திரில பாத்துக்குவாங்க" என்றார்.

"அவரு பைத்தியம் இல்ல" என்றார் அண்ணி. "நல்லாத்தான் பேசுறாரு. உங்களுக்குப் புரியலன்னா அதுக்கு அவரு என்ன செய்வாரு?"

டாக்டரிடம் போய்க் கேட்டேன். ஊருக்கு அனுப்புவது நல்லது என்றார். சுற்றிலும் தமிழே கேட்டுக்கொண்டிருந்தால் ஒருவேளை திரும்பலாம், சிலருக்குத் திரும்பியிருக்கிறது என்றார். அந்த 'ஒருவேளை'யைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் கிளம்பினோம். நாகப்பட்டினத்துக்குத் திருப்பி அனுப்பும் கூலிகளோடு அவர்களுக்கும் இடம் கிடைத்தது. ஊரில் அண்ணியின் அப்பா இருந்தார். நான் பினாங்கு வரைக்கும் போனேன்.

துறைமுகத்தில் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கே போகிறோம் என்று மலாயில் கேட்டார். "பாலே" என்றேன், ஊர் திரும்புகிறோம் என்று. அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, நாங்கள் வந்த திசையைக் கைகாட்டினார். திரும்புவதென்றால் அவருக்கு அந்தப் பக்கம். அண்ணி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்து, உடைந்த மலாயில் ஏதேதோ சொல்லிக் கூட்டிப்போனார்.

அதன்பிறகு நெடுநாள் ஒரு தகவலும் இல்லை. வெள்ளம் வந்து வடிந்து, தோட்டத்துப் பாலம் புதிதாகக் கட்டப்பட்ட பிறகு, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் புது ஆளாக வந்து சேர்ந்தார். ஆபீஸ் வாசலில் வைத்தே விசாரித்தேன்.

"உங்க அண்ணி போயிட்டாங்களே, தெரியாதா? வந்த வருஷமே வாந்திபேதி. அவங்க அப்பாவும் அதுலதான் போனாரு."

"அண்ணன்?"

"அவரு அதுக்கப்புறமும் ரொம்ப நாள் இருந்தாரு. கோயில் பக்கத்துல ஒரு கொட்டாய்ல. ஊர்ல முறை வச்சுச் சோறு குடுத்தோம், கொற ஒண்ணும் வைக்கல. என்னமோ பேசிக்கிட்டே இருப்பாரு, ஒருத்தருக்கும் புரியாது. ஒரே ஒரு வார்த்த மட்டும் புரிஞ்சுது."

"என்ன வார்த்தை?"

"சூடா, சூடாம்பாரு. சரி, கஞ்சி சூடா கேக்குறாருன்னு திரும்பவும் கொதிக்க வச்சுக் கொண்டுவருவோம். தள்ளிவிட்டுட்டு மறுபடியும் சூடாம்பாரு. இன்னும் சூடு பண்ணுவோம். கடைசி வரைக்கும் அப்படித்தான்."

சூடா என்றால் மலாயில் முடிந்தது, போதும் என்று அர்த்தம். அவரிடம் சொன்னேன். வந்து சில நாள்தான் ஆகியிருந்ததால் அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"கஞ்சி போதும்னா சொன்னாரு?"

"தெரியல" என்றேன்.

அடுத்த வாரம் ஈப்போவுக்குப் போனபோது, டாக்டரிடம் சொல்லவேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊருக்குப் போன பிறகு அண்ணன் எப்படி இருக்கிறார் என்று தெரியப்படுத்தச் சொல்லியிருந்தார். அவர் வேலையை விட்டுச் சீமைக்கே போய்விட்டார் என்றார்கள். அண்ணனைப் பற்றி எழுதினாரா இல்லையா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அண்ணன் படுத்திருந்த கட்டிலில் ஒரு சீனக் கிழவர் கால் உடைந்து கிடந்தார். வெயில் ஏறுவதற்குள் நான் ரயிலடிக்குத் திரும்பினேன்.