போடாத அஞ்சலட்டை

என் பீரோவில், சேலைகளுக்கு அடியில், தபால்பெட்டியையே பார்க்காத அஞ்சலட்டை ஒன்று இருக்கிறது. பென்சிலில் எழுதியது. எழுதியவள் ஓமலூர்ப் பக்கத்து மூன்றாம் வகுப்புப் பெண். நாமக்கல் அருகே விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் நான் அவளுக்கு வகுப்பாசிரியை, விடுதி வார்டனும் நானே. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முதல் ஒரு மாதம் வீட்டோடு பேசக் கூடாது, கடிதமும் போடக் கூடாது என்பது அங்கே சட்டம். வீட்டு நினைப்பு வந்தால் பிள்ளைக்கு மனசு ஒட்டாது என்பார்கள். நானும் அதைக் கிளிப்பிள்ளை மாதிரி பெற்றோரிடம் ஒப்பித்திருக்கிறேன்.

அவள் சேர்ந்த மாதம் எல்லையில் நம் வீரர் ஒருவர் பிடிபட்ட செய்தி சாப்பாட்டுக் கூடத்து டிவியில் ஓடியது. மறுநாள் வகுப்பில் பாடமே நடக்கவில்லை. "ஏனுங்க மிஸ், அவரை அடிப்பாங்களா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். பயமுறுத்தாமல் சொல்ல வேண்டுமே என்று பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். அடிக்கக் கூடாது. கூட்டத்தில் நிறுத்தி வேடிக்கை காட்டக் கூடாது. சோறும் மருந்தும் தர வேண்டும். முகாமுக்குக் கொண்டுபோன ஒரு வாரத்துக்குள், நலமாக இருக்கிறேன் என்று வீட்டுக்கு ஓர் அட்டை எழுத விட வேண்டும். எதிரியானாலும் அதை அனுப்பித்தான் ஆக வேண்டும். இது எல்லா நாட்டுக்கும் பொதுவான சட்டம், மீறுகிறவர்களும் உண்டு, அது தப்பு என்றேன். பிள்ளைகளின் முகம் தெளிந்தது. நன்றாகச் சொன்னோம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை அவள் ஓர் அட்டையோடு வந்தாள். அவள் அப்பா முகவரி எழுதித் துணிப்பெட்டியில் வைத்து அனுப்பியவற்றில் ஒன்று. தன் பெயர், விடுதி எண், அதன்கீழ் மூன்றே வரி. "ஊட்டுக்குப் போட்டுருங்க மிஸ்." சரி என்று வாங்கி வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தேன். முதல்வரிடம் கேட்டிருக்கலாம். கேட்காமலே பேருந்து நிறுத்தத்துத் தபால்பெட்டியில் போட்டிருக்கலாம். வேலைக்குப் பயந்தேன் என்பது பாதி உண்மைதான். ஒரு குழந்தையின் அட்டைதானே என்றும் நினைத்தேன். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

மாதம் முடிந்து பெற்றோர் வரும் ஞாயிறன்று அவள் அப்பாவிடம் ஓடிப்போய் முதலில் அட்டையைத்தான் கேட்டாள். "கார்டு ஒண்ணும் வரலியே சாமி" என்றவர் என்னைப் பார்த்தார். "தபால்ல தவறியிருக்குமுங்க" என்றேன். என் கையில் பதிவேடு இருந்தது. அட்டையின் ஓரம் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். "மிஸ் போட்டுட்டாங்கப்பா. மெதுவா வரும்" என்றாள். அப்பா போன பிறகு நான் என்ன செய்வேனோ என்று பயந்தாளா, என் மேல் இரக்கப்பட்டாளா, தெரியவில்லை. எதுவானாலும் எனக்கு வெட்கக்கேடுதான். அதன் பிறகும் நான் அதைப் போடவில்லை. ஆண்டு முடிவில் அவளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். "வாரேனுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இப்போது வேலையை விட்டுச் சூரமங்கலத்தில் இருக்கிறேன். போன வாரம் டிவியைப் பார்த்து என் மகன் அதே கேள்வியைக் கேட்டான். அடிக்கக் கூடாது, சோறு தர வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, அட்டையில் நின்றுவிட்டேன். "அப்புறம்?" என்றான். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனேன். பிறகு பீரோவைத் திறந்து அதை எடுத்துப் படித்தேன். 'நான் நல்லா இருக்கேன். சோறு போடறாங்க. மிஸ் அடிக்க மாட்டாங்க.' மறைக்க வேண்டிய எதுவும் அதில் இல்லை. முகவரி அவள் அப்பாவின் கையெழுத்தில், பின்கோடு வரை சரியாக இருக்கிறது.