உபோனின் நேர்த்திக்கடன்

பெச்சபூன் நகரத் தூண் கோயிலில் நேர்த்திக்கடன் ஆட்டம் ஆடுகிற நான்கு பெண்களில் முன்வரிசை இடம் உபோனுடையது. பள்ளிக்கூடத்தை விட்ட வருஷம் வந்து நின்ற இடம். லாட்டரி விழுந்தவர்கள், வழக்கில் ஜெயித்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் அவித்த முட்டையையும் சிவப்புச் சோடாவையும் நகரத்தைக் காக்கும் தூண்சாமிக்குப் படைத்துவிட்டு, அவள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டுதான் கைகூப்பி உட்கார்ந்திருப்பார்கள். புருஷனைப் பற்றிக் கேட்டால் ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவாள். அந்த இடத்தைப் பற்றிக் கேட்டால் பொழுது சாய்ந்துவிடும்.

போன மழைக்காலத்தில் நால்வரில் ஒருத்தி நின்றுவிட, ரின் வந்து சேர்ந்தாள். முதலில் பின்வரிசை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, நேர்த்திக்கடன் செலுத்த வந்த ஒருவர், “அந்தச் சின்னப் பொண்ணை முன்னால நிக்கச் சொல்லுங்களேன்” என்றார். அதன்பிறகு வந்தவர்களெல்லாம் அதையே சொன்னார்கள். குழுத் தலைவி சமோன், “உபோன், வெயில்ல நீ ஏன் வேகணும், பின்னால நிழலா இருக்கு” என்றாள்.

பின்னால் நின்று ஆடும்போது ரின்னின் விரல்கள்தான் கண்ணில் படும். அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, அழுது அழுது வளைத்த விரல்கள் உபோனுடையவை. ரின்னுக்கோ பிறவியிலேயே வாழை மடல்போல் பின்னால் வளைந்தன. ஆட்டத்துக்கு வைக்கிற கிரீடம் தலையில் நிற்க உபோனுக்குக் கைநிறைய ஊசி வேண்டும். ரின் தூக்கித் தலையில் வைத்தால் போதும். வாய் நிறையச் சோற்றோடு பேசினால்கூட அந்தப் பெண் அழகாகத்தான் இருந்தாள். அதைத்தான் உபோனால் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் மதியம், ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஊதுபத்தி ஏற்றினாள்.

“தூணப்பா, அந்தப் பொண்ணுக்கு நல்ல வழியா காட்டிடு. இங்கேருந்து தூரமா. காட்டினா நாலு பேரை வச்சு முழு ஆட்டம் போடறேன்.”

‘நல்ல’ என்பதைப் பாவத்துக்குப் பயந்து சேர்த்துக்கொண்டாள்.

புளித் திருவிழா முடிந்த கையோடு ரின் ஓடிவந்தாள். “அக்கா, எனக்குக் கல்யாணம்! லொம்சாக்ல புளியந்தோப்பு வச்சிருக்கார். ஆட்டத்தை விட்டுடறேன்.” உபோன் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். அன்றிரவு ஒரு தட்டுச் சோறு கூடுதலாக இறங்கியது.

முன்வரிசை திரும்பி வந்தது. ரின்னுக்குப் பதிலாக ஒரு புதுப்பெண்ணும் வந்தாள். கைகால் எல்லாம் இருந்தது, ஆட்டம்தான் இல்லை. உபோனுக்கு அது இன்னும் நல்லதாகப் போயிற்று. நேர்ந்துகொண்டதை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மறுநாள் ஆட்டத்தின் நடுவே கிரீடம் கழன்று சாமி முன்னால் உருண்டது. சாமி கடனைக் கேட்கிறது என்று சமோனிடம் ஓடி, நாலு பேர் ஆட்டம் நேர்ந்திருப்பதைச் சொன்னாள்.

“நேர்ந்தவ ஆடக் கூடாதுடி, மண்டி போட்டு உக்காரணும். அப்போ ஒரு ஆள் குறையுமே” என்றாள் சமோன். “ஆமா, என்னத்துக்கு நேர்ந்தே?”

“இடுப்பு வலி.”

“இடுப்பு வலிக்கு முழு ஆட்டமா! பன்னித் தலை படைச்சாலே அதிகம். சரி, ரின்னைக் கூப்பிடறேன்.”

“ஐயோ அக்கா, அவ எதுக்கு?”

“வேற யாரு இருக்கா? நீ சாமிகிட்ட நாலு பேருன்னு சொன்னியா இல்லியா?”

சொல்லியிருந்தாள்.

ரின் சனிக்கிழமை வந்தாள். பின்னாலேயே ஒரு மூட்டை இனிப்புப் புளியைச் சுமந்துகொண்டு மாப்பிள்ளையும் வந்தான். உபோன் ஊதுபத்தியை நட்டு மண்டியிட்டாள். அது அணையும்வரை எழவும் கூடாது, முகத்தைத் திருப்பவும் கூடாது. மேளம் தொடங்கியது. முன்வரிசையில், உபோனின் இடத்தில், ரின்.

இத்தனை நாளும் முதுகைத்தான் பார்த்திருந்தாள். முகத்தைப் பார்த்து ஆட்டம் பார்ப்பது இதுதான் முதல் முறை. ஒரு தப்பாவது கிடைக்காதா என்று ஊதுபத்தி பாதி எரியும்வரை தேடினாள். கிடைக்கவில்லை. பக்கத்தில் மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஆட்டம் முடிந்ததும் அவன் உபோனைக் கும்பிட்டான். “அக்கா, இவ ஆடி இன்னைக்குத்தான் பார்க்கறேன். இதையா விடச் சொல்றது? வாரா வாரம் நானே வண்டியில கொண்டுவந்து விடறேன். எல்லாம் உங்களாலதான்.”

ரின் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “இடுப்பு வலி போயிடுச்சாக்கா?”

“போச்சு” என்றாள் உபோன்.

“மறுபடியும் வரும்” என்றாள் சமோன், மேளத்தை உறையில் போட்டுக்கொண்டே.

எல்லோரும் புளியைப் பிரித்துத் தின்னப் போனபின் உபோன் இன்னொரு ஊதுபத்தி ஏற்றி, “தூணப்பா” என்று ஆரம்பித்தாள். கேட்டுவிடலாம். சாமி கொடுத்தும்விடும். அப்புறம் மண்டி போட வேண்டும், ஓர் ஆள் குறையும், சமோன் யாரைக் கூப்பிடுவாள் என்பதும் தெரியும்.

ஒன்றும் கேட்காமல் ஊதுபத்தியை மணலில் குத்திவிட்டு எழுந்தாள். இடுப்பு நிஜமாகவே வலித்தது.