பிள்ளையாருக்குத் தாழ்ந்த சீவு மெசின்

இதை எழுதுவதா விடுவதா என்று எத்தனையோ வருடம் யோசித்துவிட்டேன். கொப்பியைத் திறப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடிவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் என் மனைவி. இப்போது அவளே, "எழுதுங்கோ, ஆனால் பொய் கலக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டாள்.

தொண்ணூறுக்கு முன், உரும்பிராயில் கரண்ட் ஒழுங்காக இருந்த காலம். தச்சுவேலைக்கென்று பலகை சீவும் மெசின் ஒன்று வாங்கினேன். முழுவதும் இரும்பு. நீளப் பலகை ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வரவேண்டும், கொட்டிலில் இடம் காணாது. அதனால் வீட்டு முகப்பில் வைத்தேன். முகப்பைத் தாண்டினால் ஒழுங்கை. அந்த ஒழுங்கையால்தான் திருவிழாவில் பிள்ளையார் உலா வருவார். வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைத்துக் கும்பிடுவோம். நிறைகுட மேசை போடும் இடத்தில் இப்போது மெசின்.

முதல் வருடம் நகர்த்துவதற்கு ஆறு பேரைக் கேட்டிருந்தேன். நாலு பேர் வந்தார்கள். நாங்கள் முக்கி முடிக்க முன்னம் பிள்ளையார் போய்விட்டார். மனைவி மெசினுக்குப் பின்னால் குடத்தோடு நின்று அழுதாள்.

"வாசலுக்கு வந்த சுவாமிக்கு இரும்பைக் காட்டி அனுப்பிப்போட்டியள். வாற வருசமும் உப்பிடியெண்டால் நான் அண்ணை வீட்டை போயிடுவன்."

அந்த அண்ணை, அதாவது என் மச்சான், அச்சுவேலியில் வெல்டிங் கடை வைத்திருந்தவர். தங்கை வந்துவிடுவாள் என்ற பயமோ என்னவோ, அடுத்த கிழமையே மெசினை உருட்டி நகர்த்த நாலு சில்லுப் பூட்டித் தந்தார். பலகை சீவத் தொடங்கினேன். மெசினும் மெல்ல மெல்ல ஒழுங்கைப் பக்கம் நடந்தது.

"மச்சான், உது கோயிலுக்குப் போகுது. மறிக்காதை!" என்று சிரித்தார்.

பிறகு யோசித்துத் தூக்குச் சில்லு செய்தார். கால்மிதியை அமத்தினால் சில்லுகள் கீழே இறங்கி மெசினை இரண்டு விரலளவு தூக்கும், உருட்டலாம். மிதியைத் தட்டிவிட்டால் சில்லுகள் மேலே ஏறும், மெசின் தரையில் குந்திவிடும், அசையாது. அருமையான வேலை.

திருவிழா வந்தது. ஊரடங்கு இருந்ததால் உலா பின்னேரமே. புதுச் சில்லு முதன்முதல் உருளப் போகிறதே, புது வாகனத்துக்கு வைப்பதுபோல நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தேன். மச்சான் மிதியில் ஏறினார். மூன்று தேசிக்காய் நசிந்தன. நாலாவது வழுக்கி, சில்லுக்கும் சட்டத்துக்கும் நடுவில் போய் இறுகிக்கொண்டது. மெசின் பாதி தூக்கினபடி நின்றது. உருளவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"ஆர் உனக்குத் தேசிக்காய் வைக்கச் சொன்னது?"

"சில்லு எண்டால் வைக்கத்தானே வேணும்!"

"அப்ப சில்லுப் பூட்டின கதிரைக்கும் வையன்!"

ஒழுங்கை முடக்கில் மேளம் கேட்டது. மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய் என் கலியாணக் கூறை வேட்டியைக் கொண்டுவந்தாள். மரத்தூளைத் துடைத்துவிட்டு, மெசினின் தட்டையான பலகைத் தட்டில் வேட்டியை விரித்தாள். அதன் மேலேயே நிறைகுடத்தையும் குத்துவிளக்கையும் வைத்தாள். மெசினுக்கும் மூன்று குறி திருநீறு.

பிள்ளையார் எங்கள் வாசலில் நின்றார். ஐயர் தீபம் காட்டினார். அந்த நேரம் மெசின் 'டொக்' என்று முன்பக்கம் தாழ்ந்தது. குடத்துத் தண்ணீர் கொஞ்சம் சுவாமி பக்கம் சிந்தியது. ஒழுங்கை முழுக்க "அரோகரா!"

"உங்கடை மெசினும் கும்பிடுது" என்றார் ஐயர்.

மனைவி மறுபடி அழுதாள், இது வேறு அழுகை. அண்ணை வீட்டுப் பேச்சு அதோடு நின்றது.

இந்தக் கதை கரவெட்டி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, மெசின் தானாக உருண்டுபோய் மூன்று தரம் பிள்ளையாரைச் சுற்றியதாம். சிலர் பூக்கொண்டு வந்து பார்த்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் நடந்ததை நான் பார்த்திருந்தேன்: மச்சான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தபோது அவருடைய முழங்கை மிதியில் இடித்து, இறுகியிருந்த தேசிக்காய் விடுபட்டது. போன மாதம்தான் மனைவிக்குச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "அண்ணை அப்பவே சொன்னவர். அந்த நேரம் பாத்து விழப்பண்ணினது ஆராம்?"

ஆனபடியால் வாசிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: யாருக்காவது சொல்வதென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் மெசின் தாழ்ந்தது ஒரு விரலளவு. அதை இரண்டு விரலாக்க வேண்டாம். முழங்கையையும் விட்டுவிட வேண்டாம்.