பிசிறு டெய்லரின் பூசணிக்கொடி

இன்றைக்குக் கடையில் பூசணிக்காயைக் கீற்றுப் போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் "இதுதானா?" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். அட போங்கப்பா! பூசணிக்காயின் அருமையைச் சண்டைக் காலத்துப் பிசிறு டெய்லரிடம் கேட்டிருக்க வேண்டும்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. தைத்த துணியில் ஒரு நூல் பிசிறாகத் தொங்கினால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. கத்திரிக்கோலும் கையுமாகவே திரிவார். பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் சட்டைக் காலரில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்கென்று வெட்டிவிடுவார். உங்களுக்கு உயிர் போய் உயிர் வரும்; அவர் பாட்டுக்குப் பேச்சைத் தொடருவார்.

கீழே கடை, மேலே இரண்டு அறை, அதற்கும் மேலே மொட்டை மாடி. அண்ணன் போர்முனைக்குப் போனதிலிருந்து அறைகளை அண்ணிக்கும் இரண்டு பெண்குழந்தைகளுக்கும் விட்டுவிட்டு, பிசிறு கடையில் துணி வெட்டுகிற மேஜைமேல் படுத்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "என் நச்சரிப்ப எவ தாங்குவா?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்த இரண்டு வாண்டுகளும் நாள் முழுக்கக் கடையில்தான். பெரியவள் பொத்தான்களை நிறம் பிரிப்பாள். சின்னவள் தையல் மிஷினின் மிதிபலகைமேல் உட்கார்ந்துகொண்டு, "சித்தப்பா, வண்டிய ஓட்டு" என்பாள். பட்டாளத்துச் சட்டைகள் மலைபோல் குவிந்து கிடக்க, இவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். அது ஒரு காலம்!

ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ரேஷன் மாவில் பாதி தவிடு. காய்கறியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். சின்னவள் காலியான தட்டை நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்று அண்ணி கடைக்கு இறங்கி வந்தாள்.

"தம்பி, குளிர் வர்றதுக்குள்ள ரெண்டு பேரையும் எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடலாம்னு பாக்கறேன். அங்க மாடு இருக்கு, தோட்டம் இருக்கு. வயிறாவது நெறையும்."

பிசிறுக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. அந்த அக்கா இருப்பதோ எல்லைக்குப் பக்கத்தில். ரயில் எந்த நாளும் நின்றுபோகலாம். போனால் சண்டை முடிகிறவரை குழந்தைகளைப் பார்க்க முடியாது. சண்டை எப்போது முடியும் என்று சண்டை போடுகிறவனுக்கே தெரியாது. அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. அனுப்பிய பிள்ளைகளைத் திருப்பித் தர மனசு வருமா?

"கொஞ்சம் பொறுங்க அண்ணி. மாடியில நானே தோட்டம் போடறேன்."

"நீங்களா? பட்டன நட்டா பட்டன் மரம்தான் மொளைக்கும்" என்றாள் அண்ணி. சிரித்தாலும் கண் கலங்கியிருந்தது. "சரி, குளிர் வரைக்கும் பாப்போம்."

மேஜை இழுப்பறைகளைக் கழற்றி மண் நிரப்பினார். ஓட்டைக் குளியல் தொட்டியையும் விடவில்லை. பயறு முளைத்ததும் குருவிக்குப் போயிற்று. கீரை இரண்டு நாள் குழம்புக்கு வந்து ஓய்ந்தது. தொட்டியில் போட்ட பூசணி விதை மட்டும் பிடித்துக்கொண்டது. கொடியா அது! காக்கித் துணித் துண்டுகளால் கட்டிக் கட்டிக் கைப்பிடிச் சுவர் முழுக்க ஏற்றிவிட்டார். ஒரு காலை பார்த்தால் மாடியெல்லாம் மஞ்சள் பூ. பிசிறுக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் தொழில் புத்தி வேலையைக் காட்டியது. சில பூக்களுக்குப் பின்னால் பிஞ்சு, கோலிக்குண்டு அளவில் உருண்டையாக இருந்தது. மற்றதெல்லாம் வெறும் நீளக் காம்பு. "தண்ணியக் குடிச்சிட்டு வெட்டியா நிக்குதுங்க" என்று காம்புப் பூக்களையெல்லாம் மொட்டு முதற்கொண்டு தினமும் நறுக் நறுக்கென்று வெட்டித் தள்ளினார். பிசிறு போனால் துணி அழகு; கொடிக்கும் அதே கணக்கு. வெட்டின பூவை வைத்துக் குழந்தைகள் கடை விளையாட்டு விளையாடினார்கள்.

பிஞ்சுகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. குருவியைத் திட்டினார், மண்ணைத் திட்டினார், விமானச் சத்தத்தைக்கூடத் திட்டினார். அண்ணி ஊருக்கு அனுப்பக் குழந்தைகளின் கம்பளிச் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட ஆரம்பித்தாள்.

கடைசியில் ரேஷன் வரிசையில் புலம்பினார். முன்னால் நின்ற காய்கறிக்காரம்மா எல்லாம் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ பாவி மனுஷா! வெறும் காம்பா இருக்கறதுதான் ஆம்பளப் பூ. அதோட மகரந்தம் பட்டாத்தான் மத்தது காயாகும். அம்புட்டையும் வெட்டிப்புட்டு கொடிய வையறியா?"

அலறியடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. கொடியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பெண் மொட்டு, மறுநாள் விரிகிற பக்குவத்தில். ஆண் மொட்டு மருந்துக்குக்கூட இல்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருவில் பூசணிக்கொடி இருந்த இன்னொரு வீடு எதிர்வீடுதான். அங்கே இருந்தவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு.

கார்டுக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போய் வருஷக்கணக்காகிவிட்டது. இவர் தைத்த கால்சட்டையில் ஒரு கால் குட்டை என்று கார்டு நடுத்தெருவில் நின்று கத்த, "தையல் சரியாத்தான் இருக்கு, உன் காலுதான் ஒண்ணு நீளம்" என்று இவர் திருப்பிக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை.

விடிந்ததும் பூ விரிந்தது. வெயில் ஏறினால் வாடிவிடும். பிசிறு போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"என்ன?" என்றார் கார்டு.

"ஒரு பூசணிப் பூ வேணும். ஆம்பளப் பூ."

கார்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கீங்களா? தரேன். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, என் காலு ரெண்டும் ஒரே அளவா, இல்லையா?"

ஜன்னல்கள் திறந்தன. பால் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொழிலில் குறை சொன்னால் சொந்த அண்ணனையே விடாத மனிதர் பிசிறு.

"ஒரே அளவுதான் சார். நான்தான் தப்பா வெட்டிட்டேன்."

"காதுல விழல."

"நான்தான் தப்பா வெட்டிட்டேன்!" என்று தெருவே கேட்கச் சொன்னார். "எங்க வீட்டுக் கொழந்தைங்க வேற ஊருக்குப் போயிடும் சார். பூவக் குடுங்க."

கார்டின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. உள்ளே போய், ஒன்றுக்கு மூன்றாகப் பறித்து வந்து கொடுத்தார்.

மாடியில் பிசிறு ஆண்பூவின் மஞ்சள் இதழ்களைக் கிழித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே மெல்லத் தடவினார். காய் பிடித்ததா என்று கேட்பீர்கள். பிடித்தது; அண்ணி அதை வெட்டியபோது முதல் கீற்று கார்டு வீட்டுக்குத்தான் போனது. ஆனால் வயசான காலத்தில் பிசிறு திரும்பத் திரும்பச் சொன்னது காயைப் பற்றியல்ல. அந்தக் காலையில், காய் பிடிக்குமா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில், அண்ணி மாடிப்படி ஏறி வந்ததைப் பற்றித்தான்.

"ஜன்னல்ல நின்னு கேட்டுட்டிருந்தேன் தம்பி."

"மானம் போனாப் போகுது அண்ணி. காய் பிடிச்சிட்டா..."

"பிடிக்கலன்னாலும் கொழந்தைங்கள அனுப்பல."

"அப்போ சாப்பாட்டுக்கு?"

"சாப்பாடு அங்க கிடைக்கும். இதுங்களுக்காக இப்படிப் போய் நிக்க அங்க யாரு இருக்கா?"

கீழே குழந்தைகள் எழுந்துவிட்டார்கள். கடையில் ஆளைக் காணாமல், "சித்தப்பா! சித்தப்பா!" என்று சின்னவள் கத்தினாள்.

"இங்கதாம்மா இருக்கேன்" என்றார். குரல் உடைந்துவிட்டதால் அது அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார்.