சக்கரத்து மேல் சீட்டு

மனசு பாரமாக இருந்தால் மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள் என்கிறார்கள். காலையில் நடங்கள், பாட்டுக் கேளுங்கள், செடி வளருங்கள் என்கிறார்கள். எல்லாம் செலவில்லாத வழிகள்தான், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. சொல்கிறவர்கள் ஒரு தடவை ஆரணிப்பாளையத்துக்கு வந்து தெய்வநாயகியின் வீட்டுக்குள் நின்று பார்த்திருந்தால், அந்தச் செடித் தொட்டியை எங்கே வைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். முன்னறை முழுக்கத் தறி. பின்னறை முழுக்க உதயா.

உதயா அவளுடைய ஒரே மகன். இருபத்திரண்டு வயது, அப்பாவைவிட உயரம். பிறந்தபோது அவன் அழவில்லை. அழாத குழந்தை சமர்த்து என்று பிரசவ வார்டில் யாரோ சொன்னதை அவளும் நம்பினாள். அப்புறம் கழுத்து நிற்க நாளானது, நடக்க இன்னும் நாளானது, பேச்சு வரவே இல்லை. 'ம்மா' என்ற ஒன்று மட்டும் வந்தது. பசித்தாலும் அதுதான், பயந்தாலும் அதுதான், துணியில் போய்விட்டாலும் அதுதான். அவளுக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த அவ்வளவு நீளமான பெயர் இருந்தும், அந்த வீட்டில் அவளைக் கூப்பிட இந்த ஒரு சொல்தான் மிச்சம். கணவர் ஜெயவேலும் நாளாவட்டத்தில் அவளை 'அம்மா' என்றே கூப்பிடப் பழகிவிட்டார்.

பெரணமல்லூரில் பத்தாவது வரை படித்தவள். பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடினவள். அவளைத் தொட்டு அவுட்டாக்க எதிரணிக்கு மூச்சு வாங்கும் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். அந்தக் கால்களுக்கு இப்போது தறிக்கும் அடுப்புக்கும் பின்னறைக்கும் நடுவில்தான் ஓட்டம். உதயாவுக்குப் பல் தேய்த்துவிட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், முகம் மழிக்க வேண்டும். மழிக்கும்போது தலையை ஆட்டினால் கத்தி பட்டுவிடும் என்று தன் இரண்டு முழங்காலுக்கு நடுவில் அவன் தலையைப் பிடித்துக்கொள்வாள். கோபம் வந்தால் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வான். தடுக்கப் போனால் அவள் மணிக்கட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, அவனைத் தறிப் பக்கம் விடக் கூடாது. ஒரு தடவை பாவில் கை வைத்து இழுத்துவிட்டான். பட்டு இழைகள் அறுந்து தொங்கியதைப் பார்த்து ஜெயவேல் மகனை அடிக்கவில்லை. தறிக் குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடியே உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து அவள் கண் மகன் மேலேயே இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

எனக்கு முன்னால் இவன் போய்விட வேண்டும் என்று அவள் சாமியிடம் வேண்டிக்கொள்வாள். வேண்டிக்கொண்ட கையோடு அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுவாள். இரண்டும் உண்மை. இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் ஒரு வாரம் உதயாவைப் பார்த்துக்கொண்டுவிட்டு வந்து சுளிக்கட்டும்.

அவளுக்கு ஒரு கைத்தொழில் இருந்தது. புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது. கடைவீதியில் ஒரு கடையில் புடவைகளை வாங்கி வந்து, கட்டி, திருப்பிக் கொடுப்பாள். மத்தியானம் சோறும் மாத்திரையும் கொடுத்தால் உதயா தூங்குவான். அந்த நேரத்தில்தான் கடைக்குப் போவாள். அப்படிப் போன ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் அவளுக்குத் தலை சுற்றியது. பஸ் ஸ்டாண்டில் ஒரு டவுன் பஸ் கதவு திறந்து காலியாக நின்றது. நிழலுக்காக ஏறி உட்கார்ந்தாள். சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டு. காலை மடக்கிக்கொண்டுதான் உட்கார முடியும், அதனால் யாரும் விரும்பாத சீட்டு. கண்ணை மூடினாள். திறந்தபோது பஸ் ஊரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

எங்கம்மா போவணும் என்று கண்டக்டர் பிரபாகரன் வந்து நின்றான். அவளுக்குப் பஸ் எங்கே போகிறது என்றே தெரியாது. கடைசி வரைக்கும் என்றாள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் காசு கிடையாது. அவன் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தான். சேவூர் போயிற்று, நெல் வயல்கள் வந்தன, காற்று முகத்தில் அடித்தது. கண்ணமங்கலத்தில் இறங்கி, குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் அதே சீட்டில் உட்கார்ந்து ஆரணிக்குத் திரும்பினாள். வீட்டுக்கு வந்தபோது உதயா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான். கடையில் காக்க வைத்துவிட்டார்கள் என்றாள். ஜெயவேல் தறியில் நாடாவை எறிந்தபடியே தலையாட்டினார்.

அப்புறம் அந்தக் கடையில் அவளை அடிக்கடி காக்க வைத்தார்கள்.

பஸ்ஸில் என்ன செய்வாள் என்றால், ஒன்றும் செய்ய மாட்டாள். அதுதான் விஷயம். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். வாய் கொஞ்சம் திறந்து கிடக்கும். அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் எந்த ஊர் என்று கேட்டால் வாய்க்கு வந்த ஊரைச் சொல்வாள். எத்தனை பிள்ளைகள் என்று ஒருத்தி கேட்டதற்கு, யோசிக்காமல், இல்லை என்றிருக்கிறாள். சொன்ன பிறகு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அன்றைக்குக் காற்று மற்ற நாளைவிடச் சுகமாக இருந்தது. இவள் எங்கும் போகிறவள் இல்லை என்பது பிரபாகரனுக்கு ஒரு வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. ஆனாலும் அவன் கேட்கவில்லை. போகும்போது ஒரு சீட்டு, வரும்போது ஒரு சீட்டு, அவ்வளவுதான். ஒரு மனிதன் இன்னொருவருக்குச் செய்யக்கூடிய உபகாரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒன்று.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேலே ஓடியது. அந்தப் பயணம் இல்லாவிட்டால் நான் தறிக்கயிற்றிலேயே தொங்கியிருப்பேன் என்று அவள் பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சும்மா பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை அவள்.

கெட்ட நேரம் ஒரு கல்யாண மண்டபத்தில், மைக்கோடு வந்தது. உதயாவைப் போன்ற பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு முகாம் நடத்தினார்கள். வேலூரிலிருந்து வந்த ஆலோசகர், சின்ன வயசு, நல்ல மனசு. பைசா செலவில்லாமல் மன அழுத்தத்தைக் குறைப்பது எப்படி என்று பேசினார். மூச்சு, நடை, பாட்டு, செடி. அம்மாக்கள் கொட்டாவி விட்டார்கள். அவருக்கே புரிந்திருக்க வேண்டும். நீங்கள் என்ன செய்வீர்கள், நீங்களே சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டிக்கொண்டு வரிசைக்கு வரிசை வந்தார். ஒருத்தி பாத்திரத்தைப் போட்டுத் தேய்ப்பேன் என்றாள். ஒருத்தி சீரியல் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மைக் தெய்வநாயகியிடம் வந்தது.

அவளிடம் அதுவரை யாரும், உனக்கு எப்படி இருக்கிறது, நீ என்ன செய்கிறாய் என்று கேட்டதில்லை. டாக்டர்கள்கூட உதயா சாப்பிட்டானா, தூங்கினானா என்றுதான் கேட்பார்கள். ஆண்கள் பக்கத்தில், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஜெயவேல் உட்கார்ந்திருக்கிறார் என்பதே மறந்துவிட்டது.

"கண்ணமங்கலம் பஸ்ல ஏறி சும்மா போய்ட்டு வருவேங்க. ஜன்னலாண்ட உக்காந்துகினு. இன்னாமோ அந்த நேரம் நான் உயிரோட இருக்கற மாதிரி இருக்குங்க" என்றாள்.

மண்டபமே கை தட்டியது. ஆலோசகர் பூரித்துப்போனார். பார்த்தீர்களா, இதைவிட மலிவான மருந்து உண்டா என்றார். அதோடு விட்டிருக்கலாம். யோசனை சொல்லியே பழக்கப்பட்ட வாய். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள் அம்மா, அவருக்கும் இலவசம்தான், துணைக்குப் போகிறவருக்கும் இலவசம்தான், காற்றும் வேடிக்கையும் அவருக்கும் நல்லது என்றார். அதற்கும் கை தட்டினார்கள்.

ஜெயவேல் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவளும் பதிலுக்குப் போட்டிருப்பாள். கடையில் காக்க வைக்கிறார்கள் என்று அவள் சொன்ன போதெல்லாம், அந்தக் கடைக்காரனை மனசுக்குள் திட்டியவர் அவர். மூன்றாம் நாள், முகத்தைப் பார்க்காமல், பேசினார்.

"நீ போனது தப்புன்னு நான் சொல்லல. அவனும் மன்சன்தானே. நாள் பூரா அந்த ரூம்புக்குள்ள கெடக்கறான். அவனயும் கூட்டினு போயேன்."

அவன் இல்லாமல் இருப்பதற்காகத்தான் போகிறேன் என்று எந்தத் தாய் சொல்வாள்? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பஸ்ஸில் கத்துவான் என்று மட்டும் சொன்னாள். ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்ப் பார், கத்தினால் விட்டுவிடலாம் என்றார் அவர். அந்தப் பேச்சில் ஒரு தப்பும் இல்லை. தப்பு இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கலாம்.

அவன் கத்துவான் என்றுதான் அவள் நம்பினாள். கத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள் என்றே சொல்லலாம். உதயா கத்தவில்லை. சேவூர் தாண்டிக் காற்று முகத்தில் அடித்ததும் அவன் சிரித்தான். பல் எல்லாம் தெரிய, வாயோரம் எச்சில் வழியச் சிரித்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு வயலைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான், அவளைத் திரும்பிப் பார்த்து 'ம்மா' என்றான். பசியும் இல்லை, பயமும் இல்லை. சந்தோஷத்தில் அவன் அந்தச் சொல்லைச் சொல்லி அவள் கேட்டது அதுவே முதல் தடவை. அவள் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு ஒரு நாள் அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அதை இல்லை என்று சொல்லக் கூடாது.

மறுநாள் சோறு உண்டதும் அவன் படுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றான். கூட்டிக்கொண்டு போகாத நாளில் மணிக்கட்டைக் கடித்தான். மத்தியானத் தூக்கம் என்பதே அவனுக்கு இல்லாமல் போயிற்று. டாக்டர் கேட்டுவிட்டு மாத்திரையில் ஒன்றைக் குறைத்தார், அவளை மெச்சினார். அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். ஆலோசகர் போன் செய்து, அவன் பஸ்ஸில் சிரிக்கிற வீடியோ ஒன்றை அனுப்பச் சொல்லி, அடுத்த முகாமில் காட்டினார். பிரபாகரன் இப்போது வாயைத் திறந்துவிட்டான். தூரத்தில் அவர்களைப் பார்த்ததுமே, தம்பிக்கு அந்த சீட்டை விடுங்க என்று குரல் கொடுப்பான். சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டில் ஜன்னல் பக்கம் உதயா. இந்தப் பக்கம், அவன் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள். காற்று முழுக்க அவனுக்கு. குஞ்சம் கட்டுகிற வேலை நின்றுபோயிற்று; அந்த நேரம்தான் இல்லையே. பஸ்ஸில் எல்லோருக்கும் அவள் யார் என்று தெரிந்துவிட்டது. எத்தனை பிள்ளைகள் என்று இப்போது யாரும் கேட்பதில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றது. உதயாவுக்குத் தண்ணீர் தீர்ந்திருந்தது. அவனைச் சீட்டிலேயே உட்கார வைத்துவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிக் குழாயடிக்குப் போனாள். பாட்டில் பாதி நிறையும்போது பின்னால் பஸ் உறுமியது. திரும்பினாள். பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. பிரபாகரன் முன்பக்கம் யாருக்கோ சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தான். ஜன்னலில் உதயாவின் தலை தெரிந்தது. அவன் அந்தப் பக்கம் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு குரல் கொடுத்தால் போதும். நாலு எட்டு ஓடினாலே போதும். கோகோ ஆடின கால்கள். அவள் கூப்பிடவும் இல்லை, ஓடவும் இல்லை. பாட்டில் நிரம்பித் தண்ணீர் கையில் வழிந்தது. பஸ் போகப் போக அவள் தோள் இரண்டும் இறங்கின. மூச்சு தானாக ஆழமாக உள்ளே போய் வெளியே வந்தது. ஆலோசகர் சொல்லிக்கொடுத்தாரே, அப்படியே.

பஸ் தூரத்தில் நின்றது. விசில் ஊதிக்கொண்டே பிரபாகரன் குதித்து ஓடிவந்தான். அவனுக்குப் பின்னால், பஸ்ஸுக்குள்ளிருந்து, 'ம்மா' என்று அலறல் கேட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, பார்க்கவில்லை, தம்பி கத்தின பிறகுதான் தெரிந்தது என்று மூச்சு வாங்கினான்.

"நான் கூப்புடல தம்பி" என்றாள் அவள்.

"எப்டி கூப்புடுவீங்க? பயத்துல யாருக்கும் வாயே வராதும்மா. வாங்க, ஜல்தி வாங்க" என்று அவள் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டான்.

அவள் இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கவில்லை. ஏறிப் போய் மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டான். ஆரணி வரும் வரைக்கும் விடவில்லை. பஸ்ஸில் இருந்த பெண்கள், பெற்ற வயிறு எப்படிப் பதறியிருக்கும் என்று அவளுக்காக உச்சுக் கொட்டினார்கள்.

இப்போதும் அதே பஸ்ஸில்தான் போகிறார்கள். ஆனால் தெய்வநாயகி கண்ணமங்கலத்தில் இறங்குவதில்லை. தண்ணீரை வீட்டிலிருந்தே இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறாள்.