கழுவக் கூடாத தொட்டி

தண்ணீரில் ஆராய்ச்சி செய்கிறவர் பாதி நாள் பொறியியலாளர், மீதி நாள் சுமை தூக்குகிறவர். சிவில், சுற்றாடல் பொறியியலில் பட்டப்பின் படிப்புப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படிக்கப் போகிறவர்கள் இப்போதே தோளைப் பழக்கிக்கொள்ளலாம். கலஹாவுக்கு மேலே, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு மலைத் தண்ணீரைக் கொண்டுவரும் பீலிக்குப் பக்கத்தில் நான் கட்டிய மணல் வடிதொட்டிதான் என் ஆய்வு. மழைக்காலத்தில் பீலித் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருவது அங்கே வழக்கம். தொட்டி அதை நிறுத்த வேண்டும்; நிறுத்தியது என்று நான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் பட்டம்.

பேராதனை பஸ்ஸில் ஒரு பெட்டி

தண்ணீர் மாதிரிகளைக் குளிரில் வைத்து, எடுத்த அன்றே பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போத்தல்களை ஐஸோடு ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில் அடுக்கி, காலை பஸ்ஸில் ஏறுவேன். மீன்காரர்கள் கொண்டுவருவதும் அதே பெட்டிதான். ஏறியதும் எனக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடுவார்கள். வாடை எதுவும் இல்லையென்று தெரிந்த பிறகும் சிலர் கையை எடுப்பதில்லை.

ஒருநாள் கலஹா கடைவீதியில் ஏறிய முஸ்லிம் வியாபாரி ஒருவர் பெட்டியை ஆசையோடு பார்த்தார். "என்ன மகள், பாரையா, சூரையா?" என்றார். மீன் இல்லை, தண்ணீர் என்றேன். நம்பவில்லை. மூடியைத் திறந்து காட்டினேன். போத்தல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது உண்மையான இரக்கம்.

"ஐஸ் வெச்சுத் தண்ணியக் கொண்டு போறீங்களா? பேராதனைலதான் மகாவலி கங்கையே ஓடுதே, மகள்!"

மஹய்யாவையில் ஒரு கல்யாணம்

பட்டம் வாங்கிய பின்னும் படிப்பவரைச் சொந்தக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கண்டி மஹய்யாவையில் ஒன்றுவிட்ட அண்ணனின் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே அமர்ந்த பெரியம்மா, நான் இன்னும் படிக்கிறேன் என்று கேட்டதும் கையில் எடுத்த வடையை இலையில் வைத்துவிட்டார். "பட்டம் வாங்குனான்னு அன்னைக்கு கேக் எல்லாம் வெட்டுனீங்களே. மறுபடியும் படிக்கிறான்னா, அது பெயிலாயிருச்சா?"

நான் விளக்கத் தொடங்கினேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அவர் தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறவர்; நாலு பேர் நடுவில் குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பந்தியின் கடைசி இலைவரை கேட்கும்படி சொன்னார்:

"பெயில் இல்லீங்க அண்ணி. கீழ இருந்ததெல்லாம் பாஸாயிருச்சு. அதான் மேல என்ன இருக்குன்னு பாத்துட்டு வரட்டும்னு விட்டுருக்கோம்."

அழுக்கின் பெருமை

இந்த வகைத் தொட்டியில் கிருமியைப் பிடிப்பது வெறும் மணல் அல்ல. தண்ணீரை ஓடவிட்டுச் சில வாரங்களில் மணலின் மேல் வழுவழுப்பான படலம் ஒன்று படரும். அதில் வாழும் நுண்ணுயிர்கள்தான் கிருமிகளைத் தின்னும். பார்க்கப் பாசி பிடித்த அழுக்குப் போலவே இருக்கும். அதைக் கலைக்கக் கூடாது.

பீலிக்கரையில் குடத்தோடு நின்ற பெண்களுக்கு இதையெல்லாம் சொன்னேன். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் ராணி அக்கா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அந்த மழைக்காலத்தில் அவர் மகனுக்கு ஒருமுறைகூட வயிற்றோட்டம் வரவில்லை. அதனால் தொட்டி மீது அவருக்கு நல்ல மரியாதை. என்மீதுதான் கொஞ்சம் சந்தேகம்.

"அழுக்க அப்புடியே விட்டு வைக்கிறதுக்கா இவ்வளவு காலம் படிச்ச?"

பெரிய ஆட்கள் வருகிறார்கள்

ஆய்வை மதிப்பிடும் குழு தொட்டியை நேரில் பார்க்க வரும் என்று தகவல் வந்தது. தொட்டியின் வேலை அவர்களுக்குத் திருப்தி தராவிட்டால் ஆய்வை அங்கேயே நிறுத்தச் சொல்லலாம். இதை வீட்டில் சொன்னேன். லயம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது முதல் பாதி மட்டும்: பேராதனையிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள்.

குழு வருவதற்கு முந்திய நாள் காலை மாதிரி எடுக்கப் போனேன். தொட்டிக்கு வெள்ளை அடித்திருந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். விளிம்பில் செவ்வந்தி மாலை. உள்ளே மணல் கடற்கரை போலப் பளிச்சென்று இருந்தது. திருவிழாவுக்கு முன் மாரியம்மன் கோயிலைக் கழுவுவதுபோல, கோயில் கமிட்டித் தலைவரான என் மாமா செல்வராஜ் முன்னின்று, மேல்மணலை அள்ளி, பிளீச்சிங் பவுடர் போட்டு அலசி, திரும்பக் கொட்டியிருந்தார். பாதி லயம் சேர்ந்து செய்த வேலை. படலம் இருந்த இடமே தெரியவில்லை.

நான் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் நின்ற மாமாவுக்கு அது ஆனந்தக் கண்ணீராகத் தெரிந்திருக்க வேண்டும். முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"இதுக்குப் போயி அழுவாங்களா? நீ ஒருத்தியா எப்புடிக் கழுவுவ? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?"

தொலைபேசியில்

என் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபத்தில்கூட அவர் குரல் மாறாது. அதனால் கோபப்படுகிறாரா என்று மாணவர்களுக்குத் தெரியாது. நடந்ததைச் சொன்னேன். வருகையைத் தள்ளிப்போட முடியுமா, மேல் அதிகாரிகளிடம் கேட்கலாமா என்று இழுத்தேன். மறுமுனையில் மூச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. சிரிக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது.

"தள்ளிப்போட ஏலாது. சனத்தைச் சுடுதண்ணி குடிக்கச் சொல்லும். நாளைக்கு என்ன நடந்ததோ அதை ஒளிக்காமல் காட்டும். அழுகிறதெண்டால் மாதிரி எடுத்துப்போட்டு அழும்."

குழு

வீடு வீடாகப் போய், தொட்டித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம் என்று சொன்னேன். அதன் பிறகுதான் மாமாவுக்கு விஷயம் புரிந்தது. அன்று முழுவதும் என் கண்ணில் படவில்லை.

மறுநாள் குழு வந்தது. தலைவர், பேச்சைக் குறைத்த சிங்களப் பேராசிரியர். கழுவுவதற்கு முந்திய முடிவுகளைக் காட்டினேன், நன்றாக இருந்தன. பிறகு, கழுவிய பின் எடுத்த மாதிரியின் முடிவைக் காட்டினேன். வடித்த தண்ணீரும் வடிக்காத தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றுதான். என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பின்னால் கூட்டத்திலிருந்து மாமா முன்னே வந்தார். கோயிலுக்குக் கட்டும் வேட்டி, முகத்தில் இரண்டு நாள் தாடி.

"நாங்கதாங்க சார் கழுவுனோம். புள்ள மேல தப்பு இல்ல. எங்க புள்ள கட்டுன தொட்டி, நாலு பேரு பாக்க வரயில பாசியா கெடந்தா எங்களுக்குல்ல அசிங்கம்? படிப்ப மட்டும் நிப்பாட்டிறாதீங்க. மறுபடியும் அழுக்காக்கித் தந்துருவோம்."

மேற்பார்வையாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். கடைசி வாக்கியத்தில் அவருக்கே குரல் தடுமாறியது. பேராசிரியர் சிரிக்கவில்லை. மாலையைத் தொட்டுப் பார்த்தார். தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். படலம் மறுபடி வளரும் ஒவ்வொரு நாளையும் அளந்து ஓர் அத்தியாயமாகச் சேர்க்கும்படி என்னிடம் சொன்னார். பிறகு மாமா பக்கம் திரும்பி, எல்லோருக்கும் விளங்க வேண்டும் என்று சிங்களத்திலேயே மெதுவாகப் பேசினார்:

"நான் பார்க்கப் போன தொட்டிகளெல்லாம் யாரும் கவனிக்காமல்தான் பாழாய்க் கிடந்தன. கவனித்ததால் பாழான தொட்டியை இங்கேதான் பார்க்கிறேன்."

காவல்

படலம் வளர்ந்தது. தண்ணீர் நாளுக்கு நாள் தெளிந்தது. காய்ச்சத் தேவையில்லை என்று நான் சொன்ன காலையில், எல்லோருக்கும் முன்னால் முதல் குவளையைக் குடித்தவர் மாமா. பட்டம் கிடைத்தது, அந்த அத்தியாயத்தைத்தான் பரீட்சகர்கள் அதிகம் விசாரித்தார்கள்.

கடைசி மாதிரியை எடுக்கப் போனபோது தொட்டியைச் சுற்றி மூங்கில் வேலி. வாசலில் கதிரை போட்டு மாமா. தொட்டி மூடியைத் திறக்கக் கையை நீட்டினேன். விடவில்லை. நான்தான் கட்டினேன் என்றேன், இன்றைக்கு அளக்க வேண்டும் என்றேன்.

"கட்டுனது நீதான், யாரு இல்லன்னா? அழுக்கு எங்களோடது. மொதல்ல கையக் கழுவிட்டு வா."

ஆகவே பொறியியலில் பட்டப்பின் பட்டம் என்பது, சொந்த ஊரில் ஒரு பிடி பாசியை வளர்த்து, அதைச் சொந்தக்காரர்களின் அன்பிலிருந்து காப்பாற்றி, கடைசியில் அவர்களிடமே பறிகொடுத்ததற்குக் கிடைக்கும் சான்றிதழ்.