கோட்டுக்கு இந்தப் பக்கம்

செஞ்சிக் கடைத்தெருவில் கார்டு, கடுதாசி படித்துச் சொல்லும் ஒருவரை டச்சுக்காரர் என்பார்கள். கடல் கடந்து மேடான் ஊரில் ஒரு டச்சுத் துரை வீட்டில் சமைத்தவர். அந்தப் பெருமையில் வெயிலோ மழையோ தொப்பியைக் கழற்றமாட்டார். எதைப் படிக்குமுன்பும் தொண்டையைச் செருமுவார், ஏதோ தீர்ப்பு வாசிப்பவர் போல.

என் மகன் மேடான் பக்கம் புகையிலைத் தோட்டத்தில் வேலைக்கு இருந்தான். அவன் காய்ச்சலில் கிடப்பதாகக் கேள்விப்பட்டுக் கலங்கியிருந்தபோது தோட்டத்து டாக்டரிடமிருந்து டச்சு மொழியில் ஒரு கார்டு வந்தது. இவரிடம் ஓடினேன்.

"செத்த இருங்க சார்," என்று செருமினார். ஒரு வரியின் கடைசியில் விரல் நின்றது. "'டோட்'னு போட்டிருக்குது. செத்துட்டான்னு அர்த்தம். மனச தேத்திக்கங்க."

கேட்டதும் என் மனைவி மயங்கி விழுந்தாள். இறந்தவனுக்கான பூசைக்குச் சொல்ல சர்ச்சுக்குப் போன இடத்தில், டச்சு தெரிந்த பங்குச் சாமியாரிடம் கார்டை நீட்டினேன்.

"வரி முடிவில் சின்னக் கோடு இருக்கிறதே! சொல் அடுத்த வரியிலும் தொடர்கிறது. 'டோட்ஹெவோன்'. சேர்த்துப் படித்தால் சாவு இல்லை, 'ரொம்பச் சாதாரணம்' என்று அர்த்தம். வெறும் சாதாரணக் காய்ச்சல், தேறிவிட்டான் என்று எழுதியிருக்கிறார்."

நேரே கடைத்தெருவுக்குப் போனேன்.

"ஒரு கோடுதானே சார், அதுக்கு இன்னா இப்போ?" என்றார்.

"நீங்க கூடத்தான் 'செத்த இருங்க'ன்னீங்க. நான் இன்னா, பாடையா கட்டினேன்?"

"தமிழ் வேற, டச்சு வேற சார்," என்று எனக்குப் பாடம் சொன்னார்.

தபால்காரர் குரல் கேட்டால் என் மனைவி இன்னமும் அடுப்படிக்குள் ஓடிவிடுகிறாள். டச்சுக்காரரோ தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்தவர் கார்டை வாங்குகிறார்.